நாடி பார்க்கும் முன்னே ஒரு நிச்சயம்

தருமபுரி மாவட்டத்தில், அரூரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கும் தீர்த்தமலையில், இலங்கையிலிருந்து திரும்பிய இராமபிரான் சிவபூஜைக்கு நீர் வேண்டிப் பாணம் எய்து உண்டாக்கியதாக ஸ்தல புராணம் சொல்லும் இராம தீர்த்தம், கடுங்கோடையிலும் வற்றாமல் உயர்ந்த பாறையிலிருந்து மெல்லிய தாரையாக விழுந்துகொண்டிருக்கிறது. அதனோடு குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்கினி தீர்த்தம் என்பவையும் சேர்ந்து மலைமேல் ஐந்து. இவற்றில் நீராடினால் பிணி போகுமென்பதும், மலையிலுள்ள மூலிகைகளின் சாரம் அந்நீரில் இறங்கியிருக்கிறதென்பதும் இப்பகுதி ஜனங்களின் நெடுநாளைய நம்பிக்கை. அருணகிரிநாதர் பாடிய ஸ்தலம் இது. நோயாளிகளை வரவழைக்க இந்த மலைக்கு ஒரு பிரசங்கியும் தேவைப்பட்டதில்லை. ஸ்தல புராணமும் ஒரு விளம்பரந்தானே என்று குதர்க்கம் பேசுகிறவர்கள் உண்டு, பேசட்டும். அந்தப் புராணம் எவரையும் பார்த்து, மலையேறுவதற்கு முன் உன் மாத்திரைகளை வீசியெறிந்துவிட்டு வா என்று சொன்னதில்லை.

இதை இங்கே எடுத்துச் சொல்லக் காரணம் இருக்கிறது. நகரங்களில் சில காலமாக ஒரு புதுப் பயிற்சி நடந்துவருகிறது. யோகாசனம் கற்பிக்கிறவர்கள், இயற்கை உணவு சொல்லிக் கொடுக்கிறவர்கள், தொட்டும் அழுத்தியும் குணப்படுத்துவதாகச் சொல்லும் ஹீலர்கள், வாழ்வியல் ஆலோசகர்கள் ஆகிய பலருக்கும், கூட்டத்தின் முன் எப்படி நின்று பேசினால் வாடிக்கையாளர்கள் தேடி வருவார்கள் என்பதைக் கற்றுக் கொடுக்கிறார்கள். நெஞ்சை நிமிர்த்தி நில், கேட்பவர் கண்ணைப் பார், குரலைத் தாழ்த்தாதே, 'ஒருவேளை', 'அநேகமாக', 'சிலருக்கு' என்ற சொற்களை மறந்தும் வாயில் வரவிடாதே, நீயே சந்தேகப்பட்டால் கேட்பவன் எப்படி நம்புவான்? இதுதான் அந்த உபதேசத்தின் சாரம். இவற்றில் நெஞ்சையும் கண்ணையும் குரலையும் பற்றிச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் ஒன்றுமில்லை. அந்த மூன்று சொற்களைப் பறித்துக்கொள்வதில்தான் என் வழக்கெல்லாம் இருக்கிறது.

இந்த வித்தை ஒன்றும் நமக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாரச் சந்தையின் ஓரத்தில் தரையிலே ஒரு வட்டம் கீறி, மூடிய கூடையில் பாம்பையும் முளைக்குச்சியில் கீரிப்பிள்ளையையும் வைத்துக்கொண்டு, இதோ இரண்டுக்கும் சண்டை விடப் போகிறேன் என்று உடுக்கையடித்த மோடி மஸ்தானைப் பார்த்திராத பழைய தலைமுறைத் தமிழர் குறைவு. கீரி தன் பாட்டுக்கு முளையைச் சுற்றிச் சுற்றி வரும். கூடையின் மூடி அரை விரற்கடை திறக்கப்பட்டு மறுபடி மூடிக்கொள்ளும். நடுவில் கூட்டத்தைவிட்டு நகர்கிறவன் இரத்தம் கக்குவான் என்ற எச்சரிக்கை ஒன்று விழும். அதைக் கேட்டபின் போகவும் துணிவில்லாமல் நிற்கவும் பொழுதில்லாமல் ஜனங்கள் திகைத்து நிற்கையில், சண்டைப் பேச்சு மெல்ல மெல்லத் தாயத்துப் பேச்சாகவும் தைலப் பேச்சாகவும் மாறிவிடும். கடைசிவரையில் கீரியும் பாம்பும் சண்டையிட்டதே இல்லை. ஆயினும் தாயத்து விற்றுப்போகும். அந்த மனிதனுடைய குரலில் 'ஒருவேளை' என்ற சொல் ஒருநாளும் கேட்டதில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவனுக்குப் பின் வந்தவர்கள் லாட்ஜு வைத்தியர்கள். வாலிப, வயோதிக அன்பர்களே என்று விளித்து, மாதத்தில் இன்ன தேதியில் இன்ன ஊரில் இன்ன விடுதியில் என்று அட்டவணை போட்டு அழைத்தவர்கள். அவர்களோடு கூடவே, பேருந்து நிலையச் சுவர்களில் மூலமும் பௌத்திரமும் ஆபரேஷன் இல்லாமல் குணமாகும் என்ற சுவரொட்டிகள் வந்தன. பிறகு பின்னிரவுத் தொலைக்காட்சி. இப்போது கைப்பேசிக் காணொளி. உடுக்கை போய்ச் சட்டையில் செருகும் மைக் வந்ததே தவிர, யுக்தி மாறவில்லை.

மருத்துவம் செய்கிறவர் தம்மைப் பற்றி ஊரறியச் சொல்லவே கூடாது என்கிற கட்சி அல்ல நான். தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் தம் கருணானந்த சஞ்சீவி மருந்துகளைத் தயாரித்து விற்றுப் பெரும்பொருள் ஈட்டினார். அந்தப் பொருளைக் கொண்டு சங்கீத மாநாடுகள் கூட்டி, 1917இல் 'கருணாமிர்த சாகரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். சம்பாத்தியம் பாபமல்ல. நல்ல வைத்தியன் ஒருவன் இருக்கிறான் என்பது ஜனங்களுக்குத் தெரியாமலே போவதால் யாருக்கு என்ன லாபம்?

அது மட்டுமல்ல. வைத்தியன் காட்டும் தைரியத்துக்கே நோயைத் தணிக்கும் ஒரு சக்தி உண்டென்பதை நான் மறுத்தால் அது நேர்மையாகாது. இங்கிலாந்தில் தாமஸ் என்ற பொதுநல மருத்துவர் செய்த ஒரு சோதனை 1987இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளிவந்தது. உடம்புக்கு ஏதோ செய்கிறதென்று வந்து, பரிசோதித்துப் பார்த்ததில் குறிப்பிட்ட வியாதி எதுவும் அகப்படாத 200 பேரை அவர் எடுத்துக்கொண்டார். ஒரு சாராரிடம், உனக்கு வந்திருப்பது இன்னது, சில நாளில் சரியாகிவிடும் என்று உறுதியாகச் சொன்னார். மற்றொரு சாராரிடம், உனக்கு என்னவென்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை என்றார். இரண்டு வாரத்தில் குணமானதாகச் சொன்னவர்கள் முதல் சாராரில் நூற்றுக்கு 64 பேர். இரண்டாம் சாராரில் 39 பேர். இதைவிட வேடிக்கை, மாத்திரை கொடுத்ததற்கும் கொடுக்காததற்கும் சொல்லத்தக்க வித்தியாசமே இல்லை. மாத்திரையைவிட வாய்ச்சொல் அதிகம் வேலை செய்தது.

மேடைப் பயிற்சிக்காரர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமான சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்தலாம். நிறுத்தட்டும், ஆனால் குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சி வேறொன்றைச் சொல்லும். தாமஸ் அந்த உறுதிமொழியைக் கொடுத்தது கல்யாண மண்டபத்தில் அல்ல. தம் அறையில், ஒவ்வொருவரையும் தனித்தனியே உட்கார வைத்து, தொட்டுப் பார்த்து, பயப்படத்தக்க வியாதி ஒன்றுமில்லை என்று கண்ட பிறகு கொடுத்தார். அவருடைய தைரியம் பரிசோதனையின் பின்னே வந்தது. மேடையில் நிற்கிறவருடைய தைரியமோ பரிசோதனைக்கு முன்னே வந்துவிடுகிறது. எதிரே இருக்கும் முந்நூறு பேரில் எவருக்கு வெறும் வாயு, எவருக்கு மாரடைப்பின் முன்னறிகுறி என்பதை அவர் அறியார். அறிவதற்கு வழியும் இல்லை. நாடி பிடித்த பின் சொல்லும் நிச்சயம் மருத்துவத்தின் ஓர் அங்கம். நாடி பிடிக்கும் முன்னே முந்நூறு பேருக்குமாகச் சேர்த்துச் சொல்லும் நிச்சயம் வெறும் வியாபாரம். என் அபிப்பிராயம் முழுவதும் இந்த ஒரு வித்தியாசத்திலே அடங்கியிருக்கிறது.

கேட்கிறவர்கள் பாமரர்களாதலால் ஏமாறுகிறார்கள், படித்தவர்கள் ஏமாற மாட்டார்கள் என்று நினைப்பவர்களுக்கு அமெரிக்காவில் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். ஒரு நடிகரை டாக்டர் ஃபாக்ஸ் என்ற பெயரில், கணிதத்தின் விளையாட்டுக் கோட்பாட்டை மருத்துவக் கல்விக்குப் பிரயோகிப்பதில் நிபுணர் என்று அறிமுகப்படுத்தி, மனநல மருத்துவர்களும் உளவியலாளர்களும் அடங்கிய சபையில் உபந்நியாசம் செய்ய வைத்தார்கள். அவருக்கு அந்த விஷயத்தில் அட்சரம் தெரியாது. முன்னுக்குப் பின் முரணாகவும், அர்த்தமில்லாத பதங்களைக் கோத்தும், நடுநடுவே நகைச்சுவை கலந்தும் பேசும்படி பழக்கப்படுத்தியிருந்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் நல்ல பிரசங்கம், சிந்தனையைத் தூண்டியது என்றே எழுதிக் கொடுத்தார்கள். 1973இல் இந்த விவரம் அச்சாயிற்று. மனத்தைப் படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் கதி இதுவானால், நாளெல்லாம் களையெடுத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியை நாம் குறை சொல்வதற்கில்லை.

அந்தப் பாட்டியை நான் கற்பனையாகச் சொல்லவில்லை. இலவச நலவாழ்வு முகாம் என்று நோட்டீஸ் அடித்துக் கூட்டும் எந்தக் கூட்டத்திலும் அவள் இருப்பாள். பேச்சு ஒன்றரை மணி நேரம் ஓடும். உலகத்து வியாதிகளுக்கெல்லாம் மூலகாரணம் ஒன்றே என்பார் பேச்சாளர். அந்த ஒன்று, ஆளுக்கு ஆள், மலச்சிக்கலாகவோ வெள்ளைச் சர்க்கரையாகவோ கழிவுத் தேக்கமாகவோ இருக்கும். இடையே மூன்று பேர் எழுந்து தங்களுக்குக் குணமான கதையைச் சொல்வார்கள். குணமாகாதவர்கள் எழுந்து பேசிய கூட்டம் இதுவரையில் நடந்ததாகத் தெரியவில்லை. முடிவில், இன்றைக்கே பெயர் பதிகிறவர்களுக்கு மட்டும் பாதிக் கட்டணம் என்ற அறிவிப்பு வரும். அப்போதுதான் பாட்டி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து, "சாமி, நான் சக்கரைக்கு ரெண்டு வேளை மாத்திரை போட்டுக்கறேன். அத நிறுத்திரலாமா?" என்று கேட்பாள்.

மண்டபம் முழுவதும் நிசப்தமாகிவிடும் அந்தக் கணத்திலே பேச்சாளர் பெற்ற பயிற்சி அத்தனையும் அவருக்கு எதிராக வேலை செய்கிறது. சற்றுத் தயங்கினாலும் ஒன்றரை மணி நேரம் கட்டிய கோட்டை சரிந்துவிடும் என்று அவருக்குக் கற்பித்திருக்கிறார்கள். ஆகையால் நெஞ்சை நிமிர்த்தி, பாட்டியின் கண்ணைப் பார்த்து, "இன்னிக்கே நிறுத்துங்க பாட்டி" என்று சொல்லிவிடுகிறார். கைதட்டல் எழுகிறது. அவளுடைய சர்க்கரை எவ்வளவு, சிறுநீரகம் எப்படி, காலில் ஆறாத புண் உண்டா, மாத்திரைதானா அல்லது இன்சுலினும் உண்டா என்று ஒரு கேள்வி கேட்கப்படவில்லை. உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை நீரிழிவுக்காரர் ஊசியை நிறுத்தினால் சில நாட்களுக்குள் இரத்தத்தில் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகும். கூட்டத்தில் அப்படி ஒரு சிறுவன் தாயின் மடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தால், அந்த விடை பாட்டிக்குச் சொன்னதாக மட்டும் இருக்குமா?

வீடுதேடிச் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தை அரசு தொடங்கியது 2021 ஆகஸ்டில், பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்திலேதான். மலையோரக் கிராமங்களில் பெண் ஊழியர் ஒருவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மாதாமாதம் நடந்து நடந்து உண்டாக்குகிற ஒரு பழக்கத்தை, மேடையில் ஒரு வாக்கியம் கலைத்துவிடுகிறது. தீர்த்தமலை போன்ற ஊருக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும். ஏதாவது விபரீதமானால் அரூர் அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதற்கும் மேற்பட்டதானால் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. முகாம் நடத்தியவர் அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருப்பார்.

இவை பயமுறுத்துவதற்காகச் சொல்வன அல்ல. நம் மாநிலம் பார்த்தவை. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்த்துக்கொள்ள முயன்ற ஓர் இளம்பெண் உயிரிழந்தார். காணொளிகளைப் பார்த்து அந்தத் துணிவு வந்ததாக அப்போது செய்திகள் கூறின. அடுத்த சில நாட்களில், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக அறிவித்ததன் பேரில், மேடைப் பேச்சாலும் குறுந்தகடுகளாலும் தமிழ்நாடெங்கும் பெயர் பெற்றிருந்த ஹீலர் பாஸ்கர் கோயம்புத்தூரில் கைது செய்யப்பட்டார். அந்த மரணத்தை அவர் தலையில் ஏற்றுவது என் நோக்கமல்ல. பிரசவம் போன்ற ஒரு காரியத்தில்கூட மேடைத் தைரியம் எவ்வளவு தூரம் துணிந்து நடக்கும் என்பதற்காகச் சொல்கிறேன். 2020 மே மாதத்தில், கொரோனாவுக்கு மருந்து கண்டுபிடித்துவிட்டதாகக் காணொளிகளில் பேசிவந்த தணிகாசலத்தைச் சென்னைக் காவல்துறை கைது செய்தது. உலகத்து விஞ்ஞானிகள் எல்லாரும் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த மாதங்களில், தெரியும் என்று சொன்னவருக்கே கேட்பவர்கள் பெருகினார்கள் என்பது மனித சுபாவம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய், இருதய நோய், பக்கவாதம், கண்புரை முதலிய 54 பிணிகளையும் நிலைகளையும் பட்டியலிட்டு, அவற்றைக் குணமாக்கும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. தாயத்து, மந்திரம், கவசம் ஆகியவற்றையும் விடவில்லை. விளம்பரம் என்பதற்கு அச்சடித்த தாள் மட்டுமன்றி, வாயால் சொல்வதும், ஒளியாலோ ஒலியாலோ புகையாலோ தெரிவிப்பதும் அடங்கும் என்று அது விளக்கம் தருகிறது. புகையில் எழுதி மருந்து விற்றவன் யாராவது இருந்தானா என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் மோடி மஸ்தானுடைய வாயையும் நினைவில் வைத்தார்களே, அதற்காக அந்த வரைவாளர்களை மெச்ச வேண்டும். மருந்தே கொடுப்பதில்லை, தொடுகிறேன், உணவைத்தான் மாற்றுகிறேன் என்கிறவர்கள் இந்த வலையில் அகப்படுவார்களா என்பது வக்கீல்கள் வாதாட வேண்டிய விஷயம். பெரிய மீன் ஒன்று அகப்பட்டதை மட்டும் பார்த்தோம்: 2024 ஏப்ரலில் பதஞ்சலி நிறுவனம் தன் மருந்து விளம்பரங்களுக்காகப் பத்திரிகைகளில் மன்னிப்பு வெளியிட நேர்ந்தபோது, விளம்பரங்கள் எவ்வளவு பெரியவையோ அவ்வளவு பெரியதாக மன்னிப்பும் இருந்ததா என்று உச்ச நீதிமன்றம் கேட்டது.

இனி, இதில் நான் பரிதாபப்படுகிற ஒரு சாராரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாளையங்கோட்டையிலோ சென்னை அரும்பாக்கத்திலோ ஐந்தாறு வருஷம் முறையாகச் சித்த மருத்துவம் படித்துப் பதிவு பெற்று வந்த ஒரு பெண்மணி, அல்லது இயற்கை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்ற ஓர் இளைஞர், ஊர்க் கூட்டத்தில் எழுந்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அவர்களுக்குத் தெரிந்தது அதிகம்; தெரிந்தது அதிகமாயிருப்பதாலேயே விதிவிலக்குகளும் நினைவுக்கு வருகின்றன; விதிவிலக்குகள் வாக்கியத்தை நீட்டுகின்றன; வாக்கியம் நீண்டால் கூட்டம் கொட்டாவி விடுகிறது. பக்கத்து மண்டபத்தில் ஒன்றுமே படிக்காதவர் முழங்கிக்கொண்டிருக்கிறார். ஆகவே மேடைப் பயிற்சி உண்மையில் யாருக்கு வேண்டுமென்றால் இவர்களுக்குத்தான் வேண்டும். திருக்குறளில் அவையஞ்சாமை என்றே ஓர் அதிகாரம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னாலே அவையறிதல் வைக்கப்பட்டிருக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் யார், அவர்கள் வீட்டில் எந்த டப்பாவில் எந்த மாத்திரை இருக்கிறது, நான் சொல்வதை அவர்கள் நாளைக் காலையில் என்ன செய்வார்கள் என்பதை அறிந்தவனுக்கு மட்டுமே அஞ்சாமை தகும் என்று அந்த வைப்புமுறையிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

உறுதியான குரலில் சந்தேகத்தைச் சொல்ல முடியாதா? முடியும். முழங்கால் வலிக்குப் பயிற்சி கொடுக்கும் ஒருவர் மேடையில் இப்படிச் சொல்லிப் பார்க்கட்டும்: "நான் சொல்லித் தரும் ஆசனங்களைத் தினமும் அரைமணி நேரம் செய்தால் உங்களில் பலருக்கு வலி குறையும், சிலருக்குக் குறையாது. ஆறு வாரத்தில் படியேறுவதில் வித்தியாசம் தெரியாவிட்டால் என்னிடம் பணம் கட்டிக்கொண்டிருக்காதீர்கள். எலும்பு மருத்துவரைப் பாருங்கள். முழங்கால் வீங்கிச் சூடாயிருந்து காய்ச்சலும் இருந்தால் என்னிடம் வரவே வேண்டாம், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரையைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகாரமில்லை. எழுதிக் கொடுத்தவரைக் கேளுங்கள்." இதைத் தழுதழுக்காமல், பாட்டியின் கண்ணைப் பார்த்து, நிமிர்ந்து நின்று சொல்லலாம். இப்படிச் சொன்னால் கூட்டம் கலைந்துவிடும் என்று பயிற்சிக்காரர்கள் அஞ்சுகிறார்கள். முதல் கூட்டத்தில் சிலர் கலையக்கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாயிரம் பேர் வந்துபோகும் பட்டணம் அல்ல தீர்த்தமலை. ஒருவருக்கு நேர்ந்தது அடுத்த சந்தைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும் சிற்றூர். இங்கே ஐந்து வருஷம் தொழில் செய்ய நினைப்பவருக்கு, வரவேண்டாம் என்று சொல்லி அனுப்பிய நோயாளிகளே சிறந்த சிபாரிசுக் கடிதம். ஒரே மாலைப்பொழுதில் பதிவுப் புத்தகத்தை நிரப்பிக்கொண்டு ஊரைவிட்டுப் போக நினைப்பவருக்கு மட்டுமே மோடி மஸ்தானின் குரல் லாபகரமானது.

இதில் மண்டபம் கொடுக்கிறவர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. கல்யாண மண்டபத்துச் சொந்தக்காரரும், பள்ளிக்கூடத்து வகுப்பறையை ஞாயிற்றுக்கிழமையில் திறந்துவிடும் நிர்வாகியும், தீர்த்தமலை மாசித் திருவிழாக் கூட்டத்தில் பந்தலுக்கு இடம் ஒதுக்குகிறவர்களும், வாடகைப் பணத்தோடு பேச்சாளரின் பதிவு எண்ணையும் கேட்டு வாங்கி வாசலில் எழுதி வைக்கலாம். சித்த வைத்தியரென்றால் மாநிலச் சித்த மருத்துவ மன்றத்தின் பதிவு இருக்கும். இல்லையென்றால் இல்லை என்று எழுதிவைப்பதிலும் குற்றமில்லை, யோகாசனம் கற்பிக்க மருத்துவப் பதிவு வேண்டியதில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்லி எவராவது மேடையிலிருந்து பேசினால், தருமபுரி ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஒரு மனு கொடுக்கலாம். மனுவோடு அந்த நோட்டீஸும், நம் பிள்ளைகள் எப்படியும் கைப்பேசியில் எடுத்து வைத்திருக்கும் பேச்சின் பதிவும் இருந்தால், பேசியவர் தாம் அப்படிச் சொல்லவில்லை என்று மறுப்பது கடினம்.